ஆற முன்னம்

நேற்றைய பாண்தான் சரி.
புதுசு பட்டரைக் குடித்துத் தொய்ந்துவிடும்.
பட்டரை வெளிப்பக்கம் பூசவேண்டும்;
உள்ளே பூசி ஒருமுறை கெடுத்தேன், சிரித்தாய்.

இன்றைக்கு முதலாவது கரிந்தது.
அவசரம்.
படலையடியில் நின்ற மான்
மணந்து பார்த்துவிட்டு முழுசாய்த் தின்றது.
திருகோணமலை மான்,
பஸ் டிக்கட்டையும் விடாது.

இரண்டாவதற்குத் தீயைக் குறைத்தேன்.
தாச்சியை மூடி,
உள்துறைமுகத்துக் கப்பலொன்று
விளக்குப் போடும்வரை
திறக்கவே இல்லை.
ஓரத்தால் வழிந்த சீஸ்
பொரிந்து சரிகையாய் நிற்கிறது.

சீனக்குடா மா ஆலையிலிருந்து
இமையெல்லாம் வெள்ளையாய் வருவாய், நிரோஜன்.
இந்தப் பாணின் மாவையும்
நீதான் மூட்டை கட்டினாயோ என்னவோ.

மன்னிப்பு என்ற சொல்
எனக்கு வாயில் வராது.
குறுக்கே வெட்டி, பெரிய பாதியை
உன் கோப்பையில் வைத்திருக்கிறேன்.
நேற்றுச் சொன்னது ஆறட்டும்.
இது ஆற முன்னம் வா.