தட்டுப்பாடு

முதலில் முழங்கைக்குக் கீழே ஒன்று,
பிளம் பழத் தோலின் நிறத்தில்.
எங்கே இடித்துக்கொண்டேன் என்று யோசித்தபடியே
டிராலி பஸ்ஸைப் பணிமனையிலிருந்து வெளியே எடுத்தேன்.
கிதினியாவில் நவம்பர். கடல் தெரியவில்லை,
அதன் வாடை மட்டும்.

வாரக் கடைசிக்குள் தொடையில் இரண்டு, தோளில் ஒன்று,
கணுக்காலைச் சுற்றி, யாரோ
பேனாவை உதறியது போலச் செம்புள்ளிகள்.
பல் துலக்கினால் நுரை இளஞ்சிவப்பு.

சக ஓட்டுநர் போகுமிலா ஒன்றும் கேட்கவில்லை.
என் ரொட்டி டப்பாவுக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாள்.
ஒரு தொலைபேசி எண். அடியில்:
இரவிலும் எடுப்பார்கள்.
மூன்று நிறுத்தம் தாண்டித்தான் உறைத்தது
யாரை நினைத்து எழுதியிருக்கிறாள் என்று.

லெஷெக்கை.
சிலந்தியைக்கூடக் கோப்பையால் மூடி
ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறவனை.

பரிசோதனைத் தாளில் நாற்பத்தோராயிரம்.
குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டுமாம்.
கிழிந்த இடத்துக்கு ஓடிப்போய் அடைக்கிற
குட்டிக் குட்டித் தட்டுகள்.
"தட்டுக்கே தட்டுப்பாடு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஜன்னல் விளிம்பில் புட்டிகள்.
சி. டி. ஈ. கே.
எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி
சம்பளத்துக்கு ஓர் எழுத்தாக வாங்கி வந்தான்.
பிறகு இரும்பு, துத்தநாகம்,
செந்தட்டிச் சாறு, புளித்த பீட்ரூட் நீர்,
காட் மீன் ஈரல் எண்ணெய்
(ஏப்பத்தில் துறைமுகம் முழுக்க வந்துபோகும்),
ஏதோ வெயில் நாட்டிலிருந்து தபாலில்
பப்பாளி இலை மாத்திரை.
எங்கள் இருவரில் யாரும்
பப்பாளி மரத்தைப் பார்த்ததில்லை.

புட்டிகளைத் தொட்டான். என்னைத் தொடவில்லை.
பட்டால் பதிந்துவிடும் என்று
உப்புக் கிண்ணத்தைக்கூட
மேசைமேல் நகர்த்தித்தான் கொடுத்தான்.
ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் ஏறினால்
பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள்
அவன் கைகளையே பார்த்தார்கள்.
கையுறையைக் கழற்றாமல்
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் சோவின்ஸ்காவின் மேசைமேல் பையைக் கவிழ்த்தான்.
பதினொரு புட்டிகள். ஒன்று உருண்டுபோய்
எடை பார்க்கும் இயந்திரத்தின் அடியில் புகுந்தது.
பருப்பில் கல் பொறுக்குவது போல் அவர் ஒதுக்கினார்.
மீனெண்ணெய் இப்போதைக்கு வேண்டாம்.
ஈ, இவ்வளவு வேண்டவே வேண்டாம்,
இருக்கிற தட்டுகளையும் சோம்பேறியாக்கிவிடும்.
பப்பாளிப் புட்டியை மட்டும்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.
"யாருக்காவது உதவியிருக்கலாம்.
உங்களுக்கு உதவுமா? எனக்குத் தெரியாது."
அந்தத் தெரியாது எனக்குப் பிடித்திருந்தது.

குறைந்திருந்தது பி-பன்னிரண்டு.
"இதைத்தான் வாங்கவே இல்லை நீங்கள்."
லெஷெக்கின் காது சிவந்தது.
எழுத்துக்குப் பின்னால் எண்ணும் இருந்ததில்
குழம்பி விட்டுவிட்டானாம்.
என் வயிறு அதை உள்ளே விடுவதில்லை என்றார் டாக்டர்.
கதவைத் தட்டிப் பயனில்லை, ஊசிதான்.
வீட்டில் போட ஆள் இருக்கிறதா?

நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.
பிறகு கையுறையைக் கழற்றினான்.

மூன்று வாரம் ஆரஞ்சுப் பழத்தில் பழகினான்.
வீடெல்லாம் தோல் வாசனை,
நர்ஸ் ஊசி போட்டாள், இவன் பழத்துக்குப் போட்டான்.
நான்காம் வாரம் என் தொடையைப் பிடித்தபோது
நடுங்கியது அவன் கையா, என் காலா, தெரியாது.
எண்ணிக்கை அறுபத்து மூவாயிரம்.
நல்லது என்றும் சொல்லவில்லை டாக்டர்,
பார்ப்போம் என்றார்.

குத்திய இடத்தில் காசளவுக்குக் கன்றியிருந்தது.
பணிமனை உடைமாற்றும் அறையில்
போகுமிலாவிடம் காட்டினேன்:
"இத்தனையில் இது ஒன்றுதான் அவன் செய்தது."
நான் சிரித்தேன். அவள் குனிந்து பார்த்தாள்,
ஊசித் துளை கண்ணில் படும் வரை பார்த்தாள்.

சீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.