பாதி மைதானம்

செம்மண் ஒரு லோடு நாலாயிரத்து ஐந்நூறு.
பன்னிரண்டு லோடு கொட்டினால்
மேடு பள்ளம் தீரும்,
அடுத்த பத்து வருஷத்துக்கு
முட்டி பெயராமல் பிள்ளைகள் விழலாம்.

மலப்புரத்து ரம்ஷாத்
ஒரு மேட்சுக்கு ஒன்பதாயிரம்.
ஆறு மேட்ச்.
ரயில் டிக்கெட் தனி, பிரியாணி தனி.

பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரே தொகை.
சூரமங்கலம் கால்பந்துக் கழகத்தின்
கையிருப்பும் அதேதான்.
பொருளாளர் நான்.
பகலில் கொலுசுக்குப் பொடிவைத்துப் பற்றவைக்கிறேன்,
இரவில் இந்த நோட்டோடு உட்காருகிறேன்.

தட்டுவடை செட் கடைக்குப் பின்னால் கமிட்டி கூடியது.
தலைவர் சடையப்பன், சேகோ ஆலைக்காரர்,
கிழங்கு பத்து மாசம்
மண்ணுக்குள் கிடந்தாக வேண்டும் என்பதை
எங்கள் எல்லோரையும்விட அறிந்தவர்,
"ஆறு வாரத்துல கப்பு வேணும்" என்றார்.
"கீழ் டிவிஷனுக்கு இறங்கிட்டா
எவன்யா நமக்கு நன்கொடை தருவான்?"
அது சரிதான்.

கோச் ஜெசிந்தா, ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகர்,
கறுப்பு கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.
"இறங்குவோம். ரெண்டு வருஷம் தோப்போம்.
பதினஞ்சு வயசுப் பசங்க பதினேழாகட்டும்.
கூலிக்கு ஆள் புடிச்சு ஜெயிச்சா
அவன் ரயில் ஏர்ற அன்னிக்கு
ஜெயிச்சதும் கூடவே ஏறிடும்.
எந்த வண்டி, எத்தனாவது பிளாட்பாரம்னு
நானே சொல்றேன்."
அதுவும் சரிதான்.

தேங்காய் உடைத்தாற்போல் ஒன்று சொல்லத் தெரியாமல்
இரண்டையும் பாதியாக உடைத்தோம்.
ரம்ஷாத் மூன்று மேட்ச்.
செம்மண் ஆறு லோடு.

அப்படித்தான் எங்கள் மைதானம்
தண்டவாளத்துப் பக்கம் செக்கச்செவேல் என்றும்
சேர்வராயன் மலைப் பக்கம்
வெள்ளைக்கல் துருத்திக்கொண்டும்
இரண்டு ஊர்போல் ஆனது.
நடுக்கோட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை.

இடது விங்கில் தீர்த்தகிரி.
கால் ஆறாம் நம்பர்.
என் கைக்காசில் ஏழு வாங்கினேன்,
அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று.
முனையில் தினத்தாளைக் கசக்கி அடைத்துக் கொடுத்தேன்.
"அண்ணா, காலு உள்ளாற தனியா நடக்குது" என்றான்.

கடைசி மேட்ச் ஆத்தூரோடு.
டிரா என்றால் தப்பிப்போம், ஜெயித்தால் அரையிறுதி.

முதல் பாதி, செம்மண் பக்கம் எங்கள் தாக்குதல்.
பன்னிரண்டாவது நிமிஷம்
ரம்ஷாத் பந்தை வாங்கினான், திரும்பினான்,
அவ்வளவுதான்.
தலைவர் என் முதுகில் வைத்த தட்டில்
சட்டைப்பை பேனா தெறித்தது.

இருபத்தேழில் ஆத்தூர்க்காரன் உதைத்த சொத்தைப் பந்து
எங்கள் கல்லில் பட்டு எகிறி
எங்கள் கீப்பர் தலைக்கு மேலே உள்ளே போனது.
கொட்டாத ஏழாவது லோடு
சரியாக அந்த இடத்தில்தான் விழுந்திருக்கும்.

பிற்பாதியில் கல் பக்கம் எங்களுக்கு.
ரம்ஷாத் இரண்டு தடவை சறுக்கினான்,
அப்புறம் பெரும்பாலும் நடந்தான்.
எங்கள் பொடியன்களோ
எந்தக் கல் பந்தை எந்தப் பக்கம் துப்பும் என்று
தூக்கத்திலும் சொல்வார்கள்.
எண்பத்தெட்டு. கார்னர் கொடிக்குப் பக்கத்திலிருந்து
உள்ளே வெட்டி வந்த தீர்த்தகிரி
இடது காலால் ஓங்கி ஒன்று விட்டான்.

சனம் மொத்தமும் கோல் என்று எழுந்தது.

வலைக்குள் கிடந்தது பூட்ஸ்.
பந்து கம்பத்தில் பட்டு வெளியே.
கசங்கிய தினத்தாள் மட்டும்
காற்றில் உருண்டு உருண்டு
செம்மண் வரைக்கும் வந்தது.

ஒன்றுக்கு ஒன்று.
"ஆறு வாங்கியிருக்கலாம்ல" என்றார் சடையப்பன்,
சிரிப்பா கோபமா தெரியவில்லை.
ஜெசிந்தா எதுவும் சொல்லவில்லை.
அன்று ராத்திரி ரம்ஷாத்துக்குக்
கீழ் பெர்த் பிடித்துக் கொடுத்தது அவர்தான்.
வண்டி நகரும்போது அவன்
தன் ஷின் பேடுகளை ஜன்னல் வழியே நீட்டினானாம்,
பசங்களுக்கு என்று.
வரவில் எழுதியிருக்கிறேன், விலை போடாமல்.

மறுநாள் பட்டறைக்கு
ஒற்றை பூட்ஸோடு வந்தான் தீர்த்தகிரி, வார் அறுந்திருந்தது.
கணக்கு நோட்டை விரித்துத் தரையில் போட்டு
ஏறி நிற்கச் சொன்னேன்.
வெள்ளிப்பொடி படிந்த பென்சிலால்
பாதத்தைச் சுற்றி வரைந்தேன்.
கூச்சத்தில் விரல்களை மடக்கினான்,
நீட்டுடா என்றேன்.

ஆறுதான் இன்னும்.
பக்கத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.