சுமார் 950

ஏரி உறைவதற்கு முந்தின வாரம்
நான்காம் குழியிலிருந்து மண்கட்டியோடு பெயர்த்து,
சால்மன் மீன் வந்த வெள்ளைப் பெட்டியில் கிடத்தி
துர்க்கு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.
நான் கையெழுத்திட்டு வாங்கிய பொருள்:
இரும்பு, வளைந்தது, ஒன்று.

எக்ஸ்ரேயில்தான் அது வாளானது.

பதினோரு மாதம் காரநீர்த் தொட்டியில் கிடந்தது.
வாரந்தோறும் நீர் மாற்றுவேன்,
எவ்வளவு உப்பைக் கக்கியது என்று குறித்துவைப்பேன்.
அந்தக் குளிர்காலத்தில்
எனக்குத் தவறாமல் பதில் சொன்னது அது மட்டும்தான்.

பிறகு நுண்ணோக்கிக்கு அடியில்
நாளொன்றுக்குக் கட்டைவிரல் அகலம்.
அலகில் ஐந்து எழுத்துகள் எழுந்தன,
எந்த மொழியிலும் சொல்லாகாத ஐந்து.
ரைன் கரைப் பட்டறை ஒன்றின் பெயரை
எழுத்தறியாத ஒருவன் பார்த்துப் பொறித்திருக்கிறான்.
நான்காவது தலைகீழ்.
இரும்பு சிவந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம்.
சொல்லத் தெரிந்தவர் யாரும்
பக்கத்தில் இல்லை போலும்.

இனி வயது.
பிடிக்குமிழைப் பார்த்த சிர்க்கா
ஐந்து புத்தகங்களை விரித்துவைத்து
950 என்றாள்.
அலகோ முறுக்கி அடித்த பட்டைகள்,
அதற்கு இன்னும் நூறு கூட.
பிடிக்குள் ஒட்டியிருந்த பிர்ச் மரச் சிம்பு
கார்பன் சோதனைக்குப் போய்
1030 என்று திரும்பி வந்தது,
முன்னே பின்னே நாற்பது.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள்.
இது ஒரே கத்தி, உள்ளே மூன்று காலம்.
யாரோ அடித்தது,
யாரோ குமிழ் மாற்றியது,
பிடி ஆடுகிறதென்று யாரோ மரம் வைத்துக் கட்டியது,
ஒரு பக்கக் கூரை மட்டும்
மீன் வெட்டும் கத்தி போலத் தீட்டித் தீட்டித் தேய்த்தது,
கடைசியில் கல்மேல் வைத்து மிதித்து
இனி ஒருவருக்கும் உதவாதே என்று வளைத்தது.
இவர்களில் யாருடைய ஆண்டைக் கேட்கிறார்கள்?

அருங்காட்சியகச் சீட்டு ஏழு சென்டிமீட்டர்.
ஓர் எண்தான் கொள்ளும்.
மூன்று வாரம் வாதாடி
"சுமார் 950?" என்று அனுப்பினோம்.
அந்தக் கேள்விக்குறிக்காக சிர்க்கா
இயக்குநர் அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.
அச்சகத்தில் யாரோ
பிழை என்று அதை எடுத்துவிட்டார்கள்.

திறப்பு நாளில் ஒரு சிறுவன்
"தொள்ளாயிரத்து ஐம்பது" என்று உரக்கப் படித்தான்.
அவன் அப்பா தலையாட்டினார்.
சிர்க்கா கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கண்ணாடியில் மூக்கு உரசக் குனிந்தேன்.
நவம்பர் ஈரம் எப்படியோ உள்ளே புகுந்திருக்கிறது.
நான்காவது எழுத்தின் ஓரத்தில்
கடுகளவு பழுப்புத் துளி.
இரும்பு வியர்க்கிறது என்போம் எங்கள் தொழிலில்.

பேழைச் சாவி யாரிடம் என்று கேட்டபடி
மாடிப்படி ஏறினேன்.