பொள்ளல்

மூன்றாம் வருசக் கச்சானில்
மேற்பலகை பிளந்தது.
ஷாங்காயில் ஈரம் குடித்து வளர்ந்த மரம்,
கல்லடியில், பகல் இரண்டு மணிக்கு
டக் என்றது. அவ்வளவுதான்.

அஞ்சேகால் அடி. இருபத்தொரு நரம்பு.
பஸ்ஸில் அதற்கும் ஒரு ரிக்கற் கேட்பார்கள்.
குஜெங் என்பேன்.
சவப்பெட்டி என்று நினைத்தேன், என்பான் கொண்டக்டர்.

வாழைச்சேனையில் பைபர் வள்ளம் வார்க்கும்
முபாறிஸிடம் கொண்டுபோனேன்.
ரெசின் மணம். கண் கரித்தது.
அவர் வெடிப்பைப் பார்க்கவில்லை.
விரல்மொளியால் தட்டிக்கொண்டே போனார்
தலையிலிருந்து வால்வரை,
வள்ளத்தின் வயிற்றில்
காற்றுக் குமிழி தேடுகிறவர்போல.
"முழுக்கப் பொள்ளல் தங்கச்சி.
மறுகா எப்பிடி மிதக்கும்?"

மிதக்கத் தேவையில்லை என்றேன்.

முதல் வார்ப்பு ஆறு மில்லிமீற்றர்.
ஆழ்கடலுக்கே போகலாம்.
நரம்பைத் தொட்டால்
வாளிக்குள் கல் விழுந்த சத்தம்.
இரண்டாவதை, பஸ் கதவை அளந்துவந்து,
நடுவில் கீல் வைத்து மடித்தார்.
கீலுக்குப் பக்கத்தில் நின்ற
நாலு குதிரையும் ஊமை.

குதிரை என்பது நரம்பைத் தாங்கும் கட்டை.
சீனத்தில் அதைப் பறக்கும் வாத்து வரிசை என்பார்கள்.
இரண்டையும் கேட்டுவிட்டு
கொப்பியில் "நங்கூரக்கட்டை, 21" என்று எழுதினார்.

மெல்லிசாக வாருங்கள், உள்ளே இடம் விடுங்கள்
என்று மூன்றாம் தரம் சொன்ன அன்று
ரெசின் வாளியைக் கலக்கியபடியே சொன்னார்:
ஒரேயொரு குமிழி.
மாரிக்கடலில் வள்ளம் இரண்டாகியது.
போன நாலு பேரில்
மச்சினன் மட்டும் வந்தான்.

அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.
நரம்புகளைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சுபஹுக்குப் பிறகு,
போன் அடித்தது.
பேச்சில்லை.
டொக். டொக். டொம்.
"இதுவா?"
இன்னும் கொஞ்சம் கீழே.
டொம்ம்.
"இதுவா?"
பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.
இரண்டரை மில்லிமீற்றர், கீலுக்கு உள்ளே மலைவேம்புச் சட்டம்.
அதை அவர் வேறு ஆருக்கும் காட்டவில்லையாம்,
வள்ளக்காரர் கண்டால் ஓடர் தரமாட்டார்கள்.

வரும்போது மோகனம் மட்டும் தெரிந்த வாத்தியம்.
மத்திமத்துக்கும் நிஷாதத்துக்குமாய்
குதிரைகளை நகர்த்திப் பழகுகிறேன்.
இடது கையால் அழுத்தினால்
பழைய மரம் தராத ஆழத்துக்கு
நரம்பு இறங்கிப்போய் வருகிறது.
பஸ்ஸில் மடித்து, மடியில் வைத்து,
ஒரு ரிக்கற்.

பதினோராம் நரம்பு மட்டும்
மீட்டினால் லேசாய் இரைகிறது.
அதற்கு நேர்கீழே
பைபருக்குள் ஒரு குமிழி,
வெளிச்சத்தில் பிடித்தால் மிளகளவு.
தெரியாமல் நின்றதா
தெரிந்தே விட்டதா, கேட்கவில்லை.

கேட்டால் உரஞ்சி எடுத்துவிடுவார்.