ஒற்றை வரி, இரட்டை வரி

முதல் நாள் மஞ்சள் ஒயரில் ஏற்றினேன்.
ரெட் காயின் போர்டெல்லாம் கசிந்தது,
ரசம் சிந்தின மாதிரி.
பரிமளா அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து
"இதுவாடா என் ஃபைனல்?" என்றாள்.

இரண்டாம் நாள் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர்.
சுற்றிக்கொண்டு ரிச்சி தெரு போனேன்.
நானூறு சொன்ன ஃபயர்வயர் கார்டு
நூற்றைம்பதுக்கு வந்தது.
கேமரா பக்கம் நாலு பின், கம்ப்யூட்டர் பக்கம் ஆறு.
நிறம் அடங்கியது. முகங்கள் வந்தன.
வந்த முகங்கள் சதுரம் சதுரமாய் உடைந்தன.
பத்தொன்பது வருஷம் பீரோவில்
நாப்தலின் உருண்டையோடு கிடந்த டேப்.
கிளீனிங் கேசட் பத்தே நொடி ஓடவிட்டேன்,
அதற்கு மேல் விட்டால்
அழுக்கோடு ஹெட்டையும் தின்றுவிடும்.

மூன்றாம் நாள் எல்லாம் சரி,
அசைகிறவை தவிர.
பவுடர் தட்டும் உள்ளங்கையில் சீப்புப் பல்,
சுண்டும் விரலில் சீப்புப் பல்.
சும்மா நிற்கிற அம்பயர் மட்டும் தெளிவு.

"அது ஏன் அப்டி?"

இந்தக் கேமரா ஒரு படத்தை
ஒரேயடியாகப் பார்க்காதுக்கா.
முதலில் ஒற்றை வரிகள்.
நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து
இரட்டை வரிகள்.
பழைய டிவி மாற்றி மாற்றிக் காட்டி ஏமாற்றிவிடும்.
கம்ப்யூட்டருக்கு அந்த நாசூக்கு கிடையாது,
இரண்டையும் சேர்த்துப் போட்டு உடைத்துவிடும்.
ஒரு பாதியைத் தூக்கினால் சுத்தமாகிவிடும்.

"கடைசி போர்டுக்குப் போ."

இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.
அக்கா குனிகிறாள், ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு.
சுடிதார் கை வெள்ளைக் காயின் ஓரமாய்ப் போகிறது.
"டச்!" என்று ஜோஸ்பின் கத்துவது
ஆடியோவில் துல்லியம். டேப்பில் கெடாதது அது ஒன்றுதான்.

அங்கே நிறுத்தினேன். வரிகளைப் பிரித்தேன்.
ஒற்றையில், துணிக்கும் காயினுக்கும் நடுவே
நூல் நுழையும் இடம்.
இரட்டையில் இடம் இல்லை.

கீழே ஷேர் ஆட்டோக்காரன்
மூலக்கடை மூலக்கடை என்று கூவிவிட்டுப் போனான்.

"எந்தப் பாதியக்கா தூக்கட்டும்?"

மேஜைமேல் இல்லாத ஸ்ட்ரைக்கரை
ஆள்காட்டி விரலால் ஒருமுறை சுண்டினாள்.
அது எங்கே போய் விழுந்ததென்று பார்ப்பவள் போல
சுவரோரம் பார்த்தாள்.

"கோடு இருந்தா இருந்துட்டுப் போட்டும்.
அப்டியே காப்பி போட்டுக் குடு.
ரெண்டு போடு.
ஜோஸ்பின் நம்பர் இன்னும் அதேதானான்னு தெரியல."