பன்னிரண்டாம் இடம்

செக்காலை ரோட்டுக் கூரியர் கடை ஏழரைக்கு மூடும்.
ஏழு இருபதுக்குப் போய் நிற்கிறேன்,
கையில் தெர்மாகோல் பெட்டி.
"என்னக்கா, சென்னைக்குப் பலகாரமா?"
பலகாரம் என்றால் மேலே நாலு பார்சலை அடுக்குவான்.
கண்ணாடிச் சாமான் என்று எழுதிக் கொடுத்தேன்.
அனுப்புநர்: ஜெசிந்தா, லேப்.

உள்ளே இரண்டு மெழுகுக் கட்டி,
எண் 4417, எண் 4418.
முன்னதில் உமையாள் ஆச்சியின் நுரையீரல்,
ஊசி கிள்ளி எடுத்தது, குருணை அளவு.
பின்னதில் சாத்தையாவின் பெருங்குடல்.
புதுவயல் மில்லில் மூட்டை ஏற்றுகிறவர்.
வைகாசி வெயிலில் மெழுகு இளகாதிருக்க
நடுவில் ஒரு ஐஸ் பாக்கெட்.
ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை,
பெட்டிக்குள் தோளோடு தோள்.

ஆச்சிக்குக் கோபம், நியாயமான கோபம்.
பீடிப் புகை பட்டறியாத நெஞ்சு.
"புற்றுன்னு சொல்லியாச்சு. இன்னும் என்னத்தைப் பாக்கணும்?"
அவர்கள் பேசுகிற மொழியில் சொன்னேன்:
"பொண்ணு பாக்கப் போனா முதல்ல என்ன கேப்பீங்க?"
"எந்தக் கோயில்னு."
"இதுக்கும் கேக்கணும் ஆச்சி."
சிரித்தார்.
பாதியில் இருமல் வந்து மீதியை வாங்கிக்கொண்டது.

பதினாறாம் நாள் போனில் வந்தது ரிப்போர்ட்.
ஆச்சிக்கு ஈ.ஜி.எஃப்.ஆர்.,
பத்தொன்பதாம் பகுதியில் பதினைந்து எழுத்து காணோம்.
காணாமல் போனதே நல்லதாயிற்று:
அந்தக் குறைக்கென்றே ஒரு மாத்திரை உண்டு.
காலை எட்டு மணிக்கு ஒன்று,
காப்பிக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி.

சாத்தையாவுக்கு கே-ராஸ்.
பன்னிரண்டாம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
அது போதும்,
அவருக்கென்று பேசி வைத்த ஊசி இனி ஆகாது.

டாக்டர் பன்னிரண்டாம் இடம் என்றதும்
முத்துராக்கு கேட்டாள்,
"விரய ஸ்தானமா? சனி நிக்கிதா அங்க?"
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அரை ஏக்கரை விற்று அந்த ஊசி போடுவதாக
அட்வான்ஸ் வரைக்கும் போயிருந்தது.
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
ஒரு தாள் நிலத்தைக் காப்பாற்றிவிட்டது.
ஆளை?
தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை, தேடிப் பார்த்தேன்.

பதினைந்து எழுத்து தொலைத்தவருக்குக் கிடைத்தது,
ஓர் எழுத்து பிசகியவருக்குக் கிடைக்கவில்லை.
இதில் கணக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலிட்டபோதும் தெரியவில்லை.

கட்டிகள் திரும்பி வந்தன, சீவிச் சீவி இளைத்து.
அலமாரியில் 4417, அதன் பக்கத்தில் 4418.
மெழுகு மெழுகுதான், நிறத்தில் வித்தியாசமில்லை.

பதினான்கு மாதம் கழித்து ஆச்சி வந்தார்,
நடந்தே, பட்டணத்துப் பேரனைக் குறை சொல்லிக்கொண்டே.
ஸ்கேனில் ஒரு நிழல் மறுபடி.
இந்த முறை சதை வேண்டாம், ரத்தமே போதும் என்றேன்.
கையை நீட்டினார்.
"கோயில் மாறிருச்சோ?"
"மாறுமா ஆச்சி?"
"பிள்ளை கூட்டிப் போனா மாறும்ல. போன வீட்டுக் கோயில்தான் அப்புறம்."
குழாய் நிறைகிறவரை இருவரும் அதையே பார்த்தோம்.

வெளியே பெஞ்சில் சாத்தையா.
மதுரைக்கும் காரைக்குடிக்கும் பதினேழு தடவை போய்வந்த பை மடியில்.
தலைமுடி போய்த் திரும்பி வந்திருந்தது, சுருட்டையாக.
"அந்தப் பன்னெண்டாம் இடத்துக்கு
மருந்து எதுவும் வந்திருக்கா தாயி?"
சோதனையில் இருக்கு அண்ணே, என்றேன்.
எங்கேன்னு கேட்டார்.
எனக்குத் தெரிந்த மூன்று ஊர்ப் பெயரைச் சொன்னேன்.
கடைசி ஊருக்கு
எங்கே பஸ் ஏறணும் என்றார்.