அரைப்பேர்

லண்டனில் விழா தொடங்கியபோது
இங்கே ராத்திரி ஒன்றரை.
மேல்மாடியில் வாட்டுக் கொழுந்து இன்னும் பதமாகவில்லை,
நாலு மணிக்குத்தான் உருட்டு.
சிமியோன் லயத்திலிருந்து தோளில் சுமந்து வந்த
பதினாலு அங்குல டீவியைப்
பழைய தேயிலைப் பெட்டியின் மேல் வைத்தோம்.
ஏரியலுக்கு ஒரு கம்பி,
கம்பியைப் பிடிக்க ஓர் ஆள்.
அது நான்.

இந்த மாதந்தான் கீழே அணையைத் திறந்தார்கள்.
தலவாக்கலை முழுக்கப் பதாகை.
அருவி நூலாய் மெலிந்துவிட்டது,
நாட்டுக்கே வெளிச்சமாம்.
அப்படியும் கரண்ட் இரண்டு தரம் போனது,
ஆப்கானிஸ்தான் வரும்போது ஒரு தரம்,
கானாவுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி.

"சிலோன்னே இருந்திருந்தா
கனடாவுக்குப் பின்னாலயே வந்திருக்கும்,
பாத்துட்டுப் படுத்திருக்கலாம்" என்றான்
எலக்ட்ரீஷியன் ரொஷான் பண்டார.
"பேரை மாத்துனாங்க,
ஸ்பெயின் போற வரைக்கும் முழிச்சிருக்கணும்."

பேர் மாறினால் வரிசை பின்னுக்குப் போவது
எங்களுக்கென்ன புதிதா?
சந்தனத்தின் அப்பா வீட்டில் சடையாண்டி,
பிறப்புப் பதிவில் சதானந்தன்,
அடையாள அட்டையில் சாடையன்,
சேமலாப நிதியில் வேறு யாரோ.
காசு இன்னும் வரவில்லை.

இதே லண்டன்தான்.
நாற்பத்தெட்டில் முதல் பதக்கம், வெள்ளி,
நானூறு மீற்றர் தடை தாண்டி.
பொது அறிவுப் பாடத்தில் மனப்பாடம் செய்தோம்,
சரியாக எழுதினால் ஐந்து புள்ளி.
அதே வருஷக் கடைசியில் கொழும்பில் ஒரு சட்டம் வந்தது,
மலையில் கொழுந்து கிள்ளியவர்கள்
எந்த நாட்டுக்காரருமில்லை என்று.
அதைப் பரீட்சையில் கேட்கவில்லை.

"தாண்டுன தடையெல்லாம் வீணாப் போகுமேன்னு
கப்பல்ல ஏத்திட்டு வந்து
நம்ம லயத்து வாசல்ல எறக்கிட்டாங்க" என்றான் சந்தனம்.
ரொஷான் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான்.

மலையில் பதினெட்டுக் கிலோ நிறுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்.
நாட்டுக்கும் இதே தராசுதான் போலிருக்கிறது.
நாற்பத்தெட்டுக்குப் பிறகு ஐம்பத்திரண்டு வருஷம் வெறுங்கூடை,
அப்புறம் ஒரு வெண்கலம்.
முன்னால் ஓடியவரின் பேரைப் பிற்பாடு வெட்டினார்கள்,
ஒன்பது வருஷம் போனபின்
வெண்கலம் வெள்ளி என்று கடுதாசி வந்தது.
ஓடியது அதே இருநூறு மீற்றர்.
ஒரு நொடிகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"எனக்கும் அப்படித்தான்டா" என்றான் சந்தனம்,
"ரெண்டாயிரத்து மூணுல பிரஜைன்னாங்க.
செவ்வாக்கெழம இந்த மெசின்ல நின்னவனும் நான்தான்,
புதங்கெழம நின்னவனும் நான்தான்.
என்ன, புதங்கெழம கொஞ்சம் இருமல் கூட."

திரையில் சாலமன் தீவுகள் நடந்துகொண்டிருந்தது.
மேலேயிருந்து டீமேக்கரின் விசில்.
பதம் தப்பினால் ஒரு நாள் கொழுந்தும் புளித்துப்போகும்.
கம்பியை விட்டேன்,
லண்டனில் பனி கொட்டியது.
படியேறி, வாடிய இலையை வாரி வாரித்
துவாரத்தில் தள்ளினேன்,
கையெல்லாம் பச்சை வாசம்.

இறங்கி வந்தபோது சூடான்.

"வந்துச்சா?"
"வந்துச்சு."
"கொடி?"
"சிங்கம் இருந்த மாதிரிதான் தெரிஞ்சுச்சு.
நீதான் கம்பிய விட்டுட்டியே."
"எத்தன பேரு?"
"ஏழு."
"முழுப்பேரா, அரைப்பேரா?"

ரொஷான் சுவிட்சில் கை வைத்தபடி
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
"இன்னும் நிறுக்கல்லையே" என்றான்.

உருட்டு மெஷின் சுற்றத் தொடங்கியது.
அதற்கப்புறம் சிமியோன் என்னவோ சொன்னான்,
வாய் மட்டும் அசைந்தது.